சேமித்த பணத்தை எங்கே வைப்பது?

அறுவடை முடிந்து நெல் களத்திற்கு வந்ததும் உழவர் முதலிற் செய்வது யாது? விதைக்கென்று ஒரு பங்கைத் தனியே எடுத்து வைப்பார். வீட்டு உணவுக்கு ஒரு பங்கு குதிரில் சேரும். அறுத்தவருக்கும் அடித்தவருக்கும் கூலி அளக்கப்படும். எஞ்சியதே விற்பனைக்குச் செல்லும். எவ்வளவு முட்டுப்பாடு நேரினும் விதை நெல்லைக் குத்தி உண்பவரை ஊரார் மதிப்பதில்லை.

இன்று அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்டது. நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்திற்குச் செல்கிறது. விலைப்பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறது. ஆனால் நெல்லைப் பிரித்து வைத்த பழக்கம் பணத்தைப் பிரித்து வைப்பதில் இன்னும் வேரூன்றவில்லை. பணம் முழுதும் ஒரே குவியலாகக் கிடக்கிறது. அது கையில் இருக்கும் சில வாரங்களுக்குள் நகை வாங்கச் சொல்பவர் ஒருவர், மனை காட்டுபவர் ஒருவர், பெருவட்டி கூறுபவர் ஒருவர் என்று பலரும் வாயிலில் வந்து நிற்பர். எவர் முதலில் வந்தாரோ, எவர் இனிமையாகப் பேசினாரோ, அவர் சொல்லே வென்றுவிடுகிறது.

பணத்தை எங்கே வைப்பது என்பதைப் பணம் வருமுன்னரே தீர்மானித்தல் வேண்டும். அதற்குரிய முறையை இக்கட்டுரை எடுத்துரைக்கும்.

கடன் தீர்த்தலே முதற் சேமிப்பு

வாலாஜாபாத்து ஒன்றியத்து ஊர்களில் நெல்லும் தறியும் அருகருகே வாழ்வன. பாலாற்றுப் பாசனத்திலும் தென்னேரி போன்ற ஏரிகளின் கீழும் உழவு நடைபெறுகிறது. ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற ஊர்களில் நெசவு நடைபெறுகிறது. இரு தொழிலுக்கும் பொதுவான துன்பம் ஒன்று உண்டு. வரவு விட்டுவிட்டு வரும், செலவோ நாள்தோறும் வரும். இடைவெளியை நிரப்பக் கைம்மாற்றும் வட்டிக்கடனும் புகுந்துவிடுகின்றன.

"மூன்று வட்டி" என்று ஊரில் எளிதாகச் சொல்கிறோம். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 ரூபாய். 20,000 ரூபாய்க் கடனுக்கு ஆண்டு வட்டி மட்டும் 7,200 ரூபாய். இக்கடனை வைத்துக்கொண்டு, நூற்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் வட்டி தரும் வைப்பில் 20,000 ரூபாயைப் போடுபவர் 1,400 ரூபாய் பெற்று 7,200 ரூபாய் இழக்கிறார். ஆகவே வட்டிக்கடன் உள்ள வீட்டில் அதைத் தீர்ப்பதே முதற் சேமிப்பு. எந்த வங்கியும் எந்தப் பத்திரமும் ஐயமற்ற அவ்வளவு ஆதாயத்தைத் தருவதில்லை.

கூட்டுறவுச் சங்கத்தில் பெற்ற பயிர்க்கடனுக்கும் இக்கருத்துப் பொருந்தும். தமிழ்நாட்டில் உரிய தவணைக்குள் பயிர்க்கடனைத் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டிச் சுமை இல்லை. தவணை தவறினாலோ அச்சலுகை போய்விடும். விற்பனைப் பணம் வந்தவுடன் தவணை நாளைப் பார்த்துக் கட்டுதல் கட்டாயம்.

மூன்று வினாக்கள்

கடன் போக எஞ்சிய பணத்தை எங்கே வைப்பது என்று ஆராய்கையில், "எங்கே வட்டி அதிகம்?" என்ற வினாவே முதலில் எழுவது வழக்கம். அதனைக் கடைசியிற் கேட்பதே முறை. அதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று.

முதலாவது, இந்தப் பணம் எந்நாளில் வேண்டியிருக்கும்? ஐந்து மாதத்தில் நாற்று நடவுக்கு வேண்டிய பணத்தை ஐந்தாண்டுப் பத்திரத்தில் முடக்கினால், நடவுக்கு மீண்டும் மூன்று வட்டிக்குக் கடன் வாங்க நேரும்.

இரண்டாவது, இப்பணத்திற்குப் பொறுப்பேற்பவர் யார்? அரசாங்கமா, காப்பீடு பெற்ற வங்கியா, பதிவு பெற்ற சங்கமா, அன்றி ஒரு தனி மனிதரின் வாய்ச்சொல்லா?

மூன்றாவது, ஆதாயம் எங்கிருந்து வருகிறது? பசு பால் தருவது புல்லும் நீரும் உண்டு. வட்டி தருபவர் அப்பணத்தைக் கொண்டு என்ன தொழில் செய்கிறார் என்பது நமக்கு விளங்க வேண்டும். விளங்காத இடத்தில் பணத்தை வைத்தலாகாது.

முதலைக் காத்து அதன் பயனை மட்டும் துய்க்கும் முறை நம் நாட்டிற்குப் புதிதன்று. சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு 90 ஆடுகளை விட்டதாகப் படிக்கிறோம். ஆடுகளை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்தார். கன்றுகளும் குட்டிகளும் பெருகுவதால் மந்தை குறையாது என்பது கருத்து. அதனால் அவற்றைச் "சாவா மூவாப் பேராடு" என்றனர். கொடுத்தவர் யார், ஏற்றவர் யார், எத்தனை ஆடு, எவ்வளவு நெய் என்பன யாவும் கல்லிற் பொறிக்கப்பட்டன. இன்று நம் கையில் உள்ள பாசுபுத்தகமும் வைப்புச் சீட்டும் அக்கல்வெட்டின் இடத்தில் நிற்பன. எழுத்தில்லாத வைப்பு வைப்பாகாது.

அஞ்சலகச் சேமிப்பு

இந்தியாவில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் தொடங்கியது. இதில் வைக்கும் பணத்திற்கு மத்திய அரசாங்கமே பொறுப்பு. வெவ்வேறு தேவைகளுக்கு வெவ்வேறு திட்டங்கள் இங்குள்ளன. 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டிற்கு அறிவிக்கப்பட்ட வட்டியைக் கொண்டு அவற்றை ஒப்பிடுவோம். விகிதங்கள் காலாண்டுதோறும் மாற்றத்திற்குரியவை; பணம் கட்டும் நாளில் அஞ்சலகத்தில் கேட்டறிந்துகொள்க.

சேமிப்புக் கணக்குக்கு நூற்றுக்கு 4 ரூபாய். வேண்டும்போது எடுக்கலாம். ஓராண்டுக் கால வைப்புக்கு 6.9, ஐந்தாண்டுக் கால வைப்புக்கு 7.5. ஐந்தாண்டுத் தேசிய சேமிப்புப் பத்திரத்திற்கு 7.7; இதனை இடையில் முடித்துக்கொள்ள இயலாது, இறப்பு போன்ற சில நேர்வுகளில் மட்டுமே விலக்கு உண்டு. கிசான் விகாஸ் பத்திரத்திற்கு 7.5, இதில் இட்ட பணம் 115 மாதங்களில் இரட்டிக்கும். செல்வமகள் சேமிப்புத் திட்டத்திற்கு 8.2; பத்து வயது நிறையாத பெண்குழந்தையின் பெயரில் தொடங்கலாம், ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்ட வேண்டும், கணக்கு தொடங்கி 21 ஆண்டுகளில் முதிரும். 60 வயது கடந்தோருக்கான சேமிப்புத் திட்டத்திற்கும் 8.2, வட்டி மூன்று மாதத்திற்கு ஒரு முறை கைக்கு வரும்.

பணம் எத்தனை ஆண்டில் இரட்டிக்கும் என்பதை அறிய எளிய மனக்கணக்கு ஒன்று உண்டு. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுக்க வேண்டும். வட்டி 7.5 என்றால் 9.6 ஆண்டு, அதுவே மேற்சொன்ன 115 மாதம். எவரேனும் "ஓராண்டில் இரட்டிப்பு" என்று கூறினால் அவர் நூற்றுக்கு 72-க்குக் குறையாத வட்டியைச் சொல்கிறார் என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

நெசவாளருக்குக் கூலி ஒரு சேலை முடிந்த பின்னரே வரும். சிறுகச் சிறுகச் சேமிப்பதே அவருக்கு ஏற்றது. தொடர் வைப்பில் மாதம் 500 ரூபாய் வீதம் ஐந்தாண்டு கட்டினால், 6.7 வட்டியில், கட்டிய 30,000 ரூபாய் ஏறக்குறைய 35,680 ரூபாயாகும்.

வங்கியும் கூட்டுறவும்

1906-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் முறிந்தது. பெரும் புகழும் நீண்ட பெயரும் பெற்றிருந்த நிறுவனம் அது. அதை நம்பி வைப்பு வைத்த ஆயிரக்கணக்கானோர் பொருளிழந்தனர். அவ்விழப்பினின்று எழுந்த முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. புகழ் மட்டும் பணத்திற்குக் காவலாகாது என்பது அன்று கிடைத்த பாடம்.

வங்கிகள் முறியினும் சிறு வைப்பாளர் அழிந்துபோகாதிருக்க 1962-இல் வைப்புக் காப்பீடு தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் ஒரு வைப்பாளருக்கு 1,500 ரூபாய் என்றிருந்த வரம்பு 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 5 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஒரு வங்கியில் ஒருவருக்குள்ள எல்லா வைப்புகளும் வட்டியும் சேர்ந்தே இவ்வரம்பு. வணிக வங்கிகளுக்கும், நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கும், மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளுக்கும் இக்காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வைக்கும் வைப்புக்கு இக்காப்பீடு இல்லை என்பதை உறுப்பினர் அறிந்திருத்தல் நலம்.

இதைக் கூறுவதால் கூட்டுறவைக் குறைத்து மதிப்பதாகக் கொள்ளலாகாது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு அக்டோபரில், இந்நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் நம் காஞ்சிபுரத்திலேயே பதிவாயிற்று. பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இன்றும் இப்பகுதியின் வாழ்வுக்குத் துணை நிற்கின்றன. சங்கத்தின் வலிமை உறுப்பினரின் விழிப்பில் உள்ளது. ஆண்டுப் பேரவைக் கூட்டத்திற்குச் சென்று தணிக்கை அறிக்கையைக் கேட்பவரே தம் வைப்பைக் காப்பவர். அருகிலுள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டு, கணக்குக் காட்டாத வாரியத்தாரையும் அவர் உறவினரையும் மறுமுறை தேர்தலுக்குத் தகுதியற்றவராக்கியது. ஆயிரமாண்டுக்கு முன் ஊர்ப்பணத்திற்கு விதித்த அவ்விதியை நம் சொந்தப் பணத்திற்கும் கைக்கொள்வோமாக: கணக்குக் காட்டாதவரிடம் பணம் கொடுப்பதில்லை.

சீட்டு

ஏலச்சீட்டு நம் ஊர்களில் வேரூன்றிய முறை. இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் வீதம் இருபது மாதம் கட்டுவதாகக் கொள்வோம். சீட்டுத் தொகை ஒரு லட்சம். அவசரமுள்ள ஒருவர் 20,000 ரூபாய் தள்ளி எடுக்கிறார். அவர் கையில் 80,000 ரூபாய் கிடைக்கும். நடத்துபவரின் கழிவு 5,000 ரூபாய் போக மீதி 15,000 ரூபாய் இருபது பேருக்கும் தலைக்கு 750 ரூபாயாகப் பகிரப்படும். அம்மாதத்தில் ஒவ்வொருவரும் கட்டுவது 4,250 ரூபாய்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். முன்னால் எடுப்பவருக்குச் சீட்டு ஒரு கடன். பின்னால் எடுப்பவருக்கு அது ஒரு சேமிப்பு. எடுத்தவர் தொடர்ந்து கட்டாவிடில் பின்னால் நிற்பவர் இழப்பார். இதனாலேயே 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் பதிவையும் பிணையையும் கட்டாயமாக்கியது. நடத்துபவரின் கழிவு நூற்றுக்கு 7-க்கு மேற்படலாகாது என்பது 2019-ஆம் ஆண்டுத் திருத்தம். பதிவு எண்ணும் எழுத்து ஒப்பந்தமும் இல்லாத சீட்டில் சேர்வது, கரையில்லாத ஏரியில் நீர் தேக்குவதை ஒக்கும்.

பொன்னும் நிலமும்

பொன்னை நம் மக்கள் விரும்புவதற்குக் காரணம் உண்டு. ஆபத்து வேளையில் அடகு வைத்தால் அன்றே பணம் கிடைக்கும். ஆனால் நகையாக வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் கொடுக்கிறோம். விற்கும்போது அவை திரும்பி வருவதில்லை. பொன் விலை எப்போதும் ஏறும் என்பதும் உண்மையன்று. 2012-க்கும் 2015-க்கும் இடையில் அது இறங்கியது. அணிவதற்கு நகை வாங்குவது குடும்பச் செலவு. அதைச் சேமிப்புக் கணக்கில் எழுதலாகாது. வாங்கும் நகையில் ஹால்மார்க் முத்திரையும் ஆறு எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாளக் குறியும் உள்ளனவா என்று பார்த்தே வாங்குதல் வேண்டும்.

நிலம் நிலைத்தது, ஆனால் அவசரத்திற்கு அரைக்காணியை ஒரு வாரத்தில் நல்ல விலைக்கு விற்க முடியாது. மனை வாங்குவோர் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகிய நான்கையும் முன்பணம் கொடுக்குமுன் ஆராய்தல் வேண்டும். கடன் பட்டு மனை வாங்கி, அக்கடனுக்கு வயலை விற்பது இலாபமாகாது.

பங்குகளும் பரஸ்பர நிதியும்

பங்குகளிலும் பரஸ்பர நிதிகளிலும் நீண்ட காலத்தில் மிகுந்த ஆதாயம் கிடைத்ததுண்டு. முதல் குறைந்ததும் உண்டு. 1964-இல் தொடங்கிப் பல லட்சம் குடும்பங்களின் நம்பிக்கையைப் பெற்ற யூனிட் டிரஸ்டின் பெருந்திட்டம் 2001-ஆம் ஆண்டு ஜூலையில் யூனிட்டுகளைத் திரும்பப் பெறுவதை நிறுத்தி வைக்க நேர்ந்தது. ஏழாண்டுக்கு மேல் தேவைப்படாத, குறைந்தாலும் குடும்பம் தள்ளாடாத பணம் மட்டுமே இவ்வழியிற் செல்லத்தக்கது. அதுவும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியிற் பதிவு பெற்ற நிறுவனத்தின் வழியாகவே செல்லல் வேண்டும்.

பெருவட்டியின் கணக்கு

2022-ஆம் ஆண்டில் காஞ்சிபுரம், ஆரணி, வேலூர்ப் பகுதிகளில் நடந்ததை ஊரார் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு லட்சம் கட்டினால் மாதந்தோறும் பல்லாயிரம் ரூபாய் தருவதாகக் கூறிய நிறுவனங்கள் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குத் தொடுத்தது. நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் கட்டியவர் அவர்களுள் இருந்தனர்.

இக்கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்ப்போம். நூறு பேர் தலைக்கு ஒரு லட்சம் கட்டினால் சேர்வது ஒரு கோடி. மாதம் தலைக்கு 10,000 ரூபாய் என்றால் மாதம் 10 லட்சம் கொடுக்க வேண்டும். தொழில் எதுவும் இல்லையேல் பத்தாம் மாதத்தில் கோடி ரூபாயும் தீரும். அதைத் தள்ளிப்போட மாதந்தோறும் புதியவர் வேண்டும். அப்புதியவருக்கும் மாதம் 10,000 கொடுக்க இன்னும் புதியவர் வேண்டும். முதல் மாதங்களில் பணம் ஒழுங்காக வருவதே இங்கு தூண்டில். அதைக் கண்டு வாங்கியவரே தம் அண்ணனையும் மைத்துனரையும் அழைத்து வருகிறார். இறுதியில் பணத்தோடு உறவும் முறிகிறது.

தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு வைப்பாளர் நலப் பாதுகாப்புச் சட்டமும், நாடு முழுமைக்கும் 2019-ஆம் ஆண்டு முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டமும் உள்ளன. சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும், சொத்தை முடக்கும். ஆனால் இழந்தவருக்குப் பணம் திரும்ப ஆண்டுகள் பல ஆகும். முழுதும் திரும்பும் என்ற உறுதியும் இல்லை. கட்டுமுன் எழும் ஐயமே சிறந்த காவல்.

பெட்டியில் பூட்டி வைப்பதும் தீர்வாகாது. விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் ஏறினால், இன்று பெட்டியில் வைத்த ஒரு லட்சம் பத்தாண்டு கழித்து இன்றைய 61,000 ரூபாய்க்குரிய பொருளையே வாங்கும்.

ஒரு குடும்பத்தின் பங்கீடு

சம்பா அறுவடைக்குப் பின், பயிர்க்கடனைக் கட்டிய பிறகு, ஒரு குடும்பத்தின் கையில் 1,20,000 ரூபாய் எஞ்சியதாகக் கொள்வோம். மூன்று வட்டிக்கு வாங்கிய கடன் 20,000 ரூபாய் உண்டு. ஏழு வயது மகள் ஒருத்தி இருக்கிறாள். இவர்கள் பின்வருமாறு பிரிக்கலாம்.

வட்டிக்கடனைத் தீர்க்க 20,000. அடுத்த பருவத்து உழவு, விதை, உரத்திற்கு 25,000. இது சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். நோய் நொடிக்கும் தறி பழுதுக்கும் 25,000. இதில் பாதி சேமிப்புக் கணக்கிலும் பாதி ஓராண்டு வைப்பிலும் இருக்கலாம். மகளுக்குச் செல்வமகள் கணக்கில் 10,000. எஞ்சிய 40,000 ஐந்தாண்டுச் சேமிப்புப் பத்திரத்தில். 7.7 வட்டியில் இது முதிர்வில் ஏறக்குறைய 57,960 ரூபாயாகும்.

இத்துடன் மற்றொன்றும் செய்தல் வேண்டும். ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சத்திற்கு உயிர்க்காப்பீடும், 20 ரூபாயில் 2 லட்சத்திற்கு விபத்துக் காப்பீடும் வங்கி வழியே 2022 முதல் கிடைக்கின்றன. காப்பீடு சேமிப்பன்று, ஆனால் சேமிப்பை அழியாமற் காக்கும் வேலி அது. ஒவ்வொரு கணக்கிலும் நியமனதாரர் பெயரை எழுதுவதும், கணவன் மனைவி இருவரும் பத்திரங்கள் இருக்கும் இடத்தை அறிந்திருப்பதும் அவசியம். குடும்பத் தலைவர் மறைந்தபின் எங்கே எவ்வளவு என்று தெரியாமல் அலையும் வீடுகள் பல.

இப்பங்கீடு எல்லார்க்கும் பொருந்தும் கட்டளையன்று. பெண் திருமணம் அடுத்த ஆண்டில் உள்ளவர் ஐந்தாண்டுப் பத்திரம் வாங்கலாகாது. அறுபது கடந்தவருக்கு மாத வருமானமே பெரிது. தொகைகள் மாறும், பிரிக்கும் முறை மாறாது.

ஊராட்சி மன்றத்தின் கடமை

ஊராட்சி உறுப்பினர்கள் இதில் செய்யக்கூடியது மிகுதி. அறுவடைப் பணம் ஊருக்குள் வரும் மாதத்திற்கு முன்னரே கிராம சபையில் இப்பொருளைப் பேசலாம். அஞ்சலக அலுவலரையும் வங்கி மேலாளரையும் கூட்டுறவுச் சங்கச் செயலாளரையும் அழைத்து அன்றைய வட்டி விகிதங்களை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்கலாம். புதிதாக ஒருவர் வைப்புத் திரட்ட ஊருக்குள் வந்தால், அவர் எந்தச் சட்டத்தின் கீழ், எந்த எண்ணில் பதிவு பெற்றவர் என்று கேட்டுப் பலகையில் எழுதலாம். ஐயம் தோன்றினால் காலம் தாழ்த்தாது பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குத் தெரிவிக்கலாம். உறுப்பினர் எவரும் தம் செல்வாக்கைத் தனியார் வைப்புத் திரட்டுக்குக் கடனாகக் கொடுத்தலாகாது. ஊரார் பலர் பணம் கட்டுவது நிறுவனத்தை நம்பியன்று. அழைத்தவரின் முகத்தை நம்பியே.

பயிற்சியாக, இம்மாதம் வீட்டார் அனைவரும் கூடி ஒரு தாளில் நான்கு கோடுகள் இடுக. பணம் எவ்வளவு, எந்நாளில் வேண்டும், யாரிடம் உள்ளது, எழுத்து எங்கே உள்ளது என்று நிரப்புக. நிரப்ப முடியாத கட்டம் எதுவோ, அங்கேயே நம் விதை நெல் சிந்திக்கொண்டிருக்கிறது.